ஒரு சிட்டிகைக் கந்தகமும் மலாயாத் தமிழர் வரலாறும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய அரங்கின் தலைப்பு, "நம்மை இங்கே கொண்டு வந்தது எது?" என்பது. எனக்கு முன் பேசியவர்கள் பஞ்சத்தைச் சொன்னார்கள், கங்காணியைச் சொன்னார்கள், வெள்ளைக்கார ஆட்சியைச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதற்கு வாய் கிடையாது, முகம் கிடையாது. மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். சொறி சிரங்குக்கு எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள். அதுதான் கந்தகம்.

நான் படித்தது பொதுத் தொடர்புத் துறை. வேதியியல் அல்ல. ஆனாலும் நம் தாத்தா பாட்டி கையில் பிடித்த கத்தியையும் மங்கையும் வாளியையும் பற்றி இவ்வளவு பேசும் நாம், அந்தப் பாலை உலகம் ஏன் கேட்டது என்ற கேள்வியை மட்டும் ஏனோ கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கந்தகத்தில் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

ஒட்டும், உருகும், நாறும்

ரப்பரை முதலில் கண்டுபிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். மெக்சிகோ பகுதியில் வாழ்ந்த பழங்குடி மக்கள் ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன்பே ரப்பர் பந்து செய்தார்கள். எல் மனாத்தி என்ற இடத்தில் சேற்றுக்குள் புதைந்திருந்த பந்துகளை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். மரப்பாலோடு ஒரு வகைக் கொடியின் சாற்றைக் கலந்து, அதைத் துள்ளும் பொருளாக மாற்றும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் 1999இல் அதே முறையைச் செய்து பார்த்து, அது உண்மையிலேயே பலன் தருகிறது என்று எழுதினார்கள்.

ஐரோப்பாவுக்கு ரப்பர் 18ஆம் நூற்றாண்டில்தான் போய்ச் சேர்ந்தது. 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேய அறிஞர், இது பென்சில் எழுத்தை நன்றாக அழிக்கிறது என்று குறிப்பிட்டார். தேய்ப்பது என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் அதற்கு ரப்பர் என்ற பெயரே வந்தது. 1823இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டோஷ், ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டு செய்தார்.

கோட்டு விற்றது. பிறகு ஆரம்பித்தது தொல்லை. குளிர்காலத்தில் அது பலகை போல விறைத்தது. வெயில் காலத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. கூடவே நாற்றம்! அமெரிக்காவில் 1830களில் ரப்பர் காலணிக் கம்பெனிகள் காளான் போல முளைத்தன. ஒரு கோடைக்காலம் வந்தது. செருப்பெல்லாம் கூழாகி, கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரப்பரின் கதை அங்கேயே முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமேசான் காட்டில் கிடைத்த ஒரு வேடிக்கைப் பொருளாகவே அது நின்றிருக்கும். மலாயாவில் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் வந்திருக்காது. நம்மில் பலருடைய குடும்பங்கள் கப்பல் ஏறியே இருக்காது.

அடுப்பில் பட்ட துண்டு

இந்த இடத்தில்தான் சார்லஸ் குட்இயர் வருகிறார். 1800ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவனில் பிறந்தவர். இரும்புச் சாமான் வியாபாரத்தில் நொடித்துப்போய், கடனுக்காகச் சிறைக்குப் போய் வந்தவர். இந்த ஒட்டும் பாலை ஒட்டாமல் செய்தே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றார். ரப்பரோடு எதையெல்லாமோ கலந்து பார்த்தார். அரசாங்கத்திற்கு 150 தபால் பைகள் செய்து கொடுக்க ஒப்பந்தம் வாங்கினார். வெயிலில் பைகள் இளகிக் கைப்பிடி பிய்ந்து விழுந்தது. வீட்டுச் சாமான்களை விற்றார். உறவினர்களிடம் கை நீட்டினார்.

கந்தகம் அவருடைய சொந்த யோசனை அல்ல. நத்தானியல் ஹேவர்ட் என்ற தொழிலாளி, ரப்பரில் கந்தகத்தைத் தூவி வெயிலில் காயவைத்தால் மேற்பரப்பின் பிசுபிசுப்பு குறைகிறது என்று கண்டுபிடித்திருந்தார். குட்இயர் அந்த உரிமையை அவரிடமிருந்து வாங்கினார். 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபன் ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மீது பட்டது. உருகி வழிய வேண்டிய ரப்பர் உருகவில்லை. தோல் போலக் கருகியது. கருகிய ஓரத்தை ஒட்டி ஒரு பகுதி மட்டும் வளைந்தது, இழுத்தால் நீண்டது, விட்டால் பழைய நிலைக்கே திரும்பியது.

இதைத் தற்செயல் என்றுதான் பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. குட்இயர் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. தேடிக்கொண்டே இருந்தவன் கண்ணுக்குத்தான் அது பட்டது என்பது அவர் வாதம். நியூட்டனின் ஆப்பிளோடு அதை ஒப்பிட்டும் எழுதினார். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எவ்வளவு கந்தகம் என்று கணக்குப் பிடிக்க அவருக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1844 ஜூன் 15ஆம் தேதி அமெரிக்க அரசு அவருக்குக் காப்புரிமை வழங்கியது.

அதற்குள் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு சம்பவம் நடந்துவிட்டது. குட்இயரின் மாதிரித் துண்டுகள் லண்டனில் தாமஸ் ஹான்காக் கைக்குப் போயின. அவர் ரப்பர் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். துண்டின் மேல் மஞ்சளாகப் பூத்திருந்ததைப் பார்த்துக் கந்தகமாக இருக்கலாம் என்று ஊகித்தார். சோதனை செய்தார். 1843 நவம்பரில், குட்இயருக்குச் சில வாரங்கள் முந்தி, இங்கிலாந்தில் காப்புரிமைக்கு மனுப் போட்டுவிட்டார். அவருடைய நண்பர் வில்லியம் பிராக்டன் இந்த முறைக்கு ஒரு பெயர் வைத்தார். ரோமானியர்களின் நெருப்புக் கடவுள் வல்கன். அவர் பெயரால் 'வல்கனைசேஷன்' ஆயிற்று. இன்றும் டயர் ஒட்டும் கடைப் பலகைகளில் பார்க்கிறோமே, அதே சொல்தான்.

குட்இயருக்குப் பணம் சேர்ந்ததா? இல்லை. 1852இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ரப்பர் வழக்கில் டேனியல் வெப்ஸ்டர் அவர் தரப்பில் வாதாடி ஜெயித்துக் கொடுத்தார். இங்கிலாந்தில் ஹான்காக்கிடம் தோற்றார். 1855இல் பாரிஸில் கடனுக்காகச் சிறையில் கிடந்தபோதுதான் பிரெஞ்சு அரசின் உயர்ந்த விருது அவரைத் தேடி வந்தது. 1860இல் அவர் இறந்தபோது விட்டுச் சென்றது ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலர் கடன். அவர் பெயரைத் தாங்கிய டயர் கம்பெனி 1898இல் வேறு ஒருவர் தொடங்கியது. குட்இயர் குடும்பத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கண்டுபிடித்தவன் ஒருவன், காசு பார்த்தவன் ஒருவன். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையிலும் இது வரப்போகிறது.

உள்ளே நடப்பது என்ன?

கந்தகம் ரப்பருக்குள் என்ன செய்கிறது? விஞ்ஞானிகள் சொல்வதை நம் சாப்பாட்டுத் தட்டிலேயே விளக்கலாம்.

ஒரு தட்டு நிறைய மீ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரின் மூலக்கூறுகளும் அப்படித்தான், நீண்ட நீண்ட இழைகள். ஐந்து கார்பன் அணுவும் எட்டு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்தது ஒரு கண்ணி. அப்படி ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்தது ஓர் இழை. முள்கரண்டியால் ஒரு மீயை இழுத்தால் அது தனியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சூட்டில் ரப்பர் இளகுவதும் இதனால்தான், இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன.

இப்போது அந்த மீயை அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். விட்டால் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பும். அந்த முடிச்சுதான் கந்தகம். கந்தகத்தின் எட்டு அணுக்கள் ஒரு வளையமாக இருக்கும். ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் அந்த வளையம் அறுந்து, இந்த இழைக்கும் அந்த இழைக்கும் பாலம் போடுகிறது.

எவ்வளவு கந்தகம் தேவை? டயர், ரப்பர் வளையம் போன்றவற்றுக்கு 100 பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு போதும். முப்பது நாற்பது பங்கு போட்டால் ரப்பர் மரக்கட்டை போலக் கடினமாகிவிடும். அதுதான் எபோனைட். சார்லஸின் தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பழைய மை பேனாவின் கறுப்பு உடம்பு, மோட்டார் பேட்டரியின் பெட்டி, ஏன், நம் பெரியவர்கள் காலத்துப் பொய்ப்பல் செட்டின் ஈறுகூட அதில் செய்ததுதான். அதே பால், அதே கந்தகம். அளவு மாறியது, பொருளே மாறிவிட்டது.

வியப்பு என்னவென்றால், குட்இயருக்கோ ஹான்காக்குக்கோ இந்த இழை, முடிச்சு எதுவுமே தெரியாது. இப்படிப்பட்ட நீண்ட மூலக்கூறுகள் உண்டு என்று ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல்தான் எழுதினார். சக விஞ்ஞானிகள் நம்ப மறுத்தார்கள். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதாவது காரணம் தெரியாமலேயே உலகம் எண்பது ஆண்டுகள் ரப்பரைச் சமைத்துக்கொண்டிருந்தது!

அந்தச் சமையலில் ஆபத்தும் இருந்தது. 1846இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர், சூடு இல்லாமலே கந்தகச் சேர்மங்களில் முக்கியெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்குப் பயன்பட்ட கார்பன் டைசல்பைடு ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மனநிலை பிறழ்ந்தது, கைகால் வலுவிழந்தது. பாரிஸ் மருத்துவர் டெல்பெஷ் 1856இலேயே அதை எழுதி வைத்தார். ரப்பருக்காக உடம்பைக் கொடுத்தவர்கள் நம் தோட்டங்களில் மட்டும் இருந்தவர்கள் அல்லர்.

22 கன்றுகள்

உருகாத ரப்பர் கிடைத்ததும் தொழிற்சாலைகள் அதை விழுங்க ஆரம்பித்தன. இயந்திர வார், நீராவிக் குழாய், ரயில் தாங்கி என்று பட்டியல் நீண்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார். 1908இல் ஃபோர்டு கம்பெனியின் 'மாடல் டி' கார் வந்தது. ஒவ்வொரு காருக்கும் நான்கு சக்கரம், நான்கு டயர்!

பால் எங்கிருந்து வந்தது? அமேசானில் இருந்தும் ஆப்பிரிக்காவின் கொங்கோவில் இருந்தும். காட்டு ரப்பருக்காக அந்த இரண்டு இடங்களிலும் பூர்வீக மக்கள் பட்ட சித்திரவதையை ரோஜர் கேஸ்மென்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அறிக்கைகளாக எழுதினார். படித்தால் இரவு தூக்கம் வராது.

பிரிட்டிஷ் அரசு தன் ஆளுகைக்குள்ளேயே ரப்பரை வளர்க்க நினைத்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 2,700 அளவில்தான். பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கின. அவற்றில் சில, பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுபோய் நடப்பட்டன.

1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கே வகுத்தார். பையில் விதையைப் போட்டுக்கொண்டு பார்ப்பவரிடமெல்லாம் "நடுங்கள், நடுங்கள்" என்பாராம். காப்பித் தோட்டத் துரைமார் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வைத்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீன வணிகர்தான் துணிந்து புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். அதன் பிறகு நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவிலிருந்து போனது.

அந்தப் பாதியை வெட்டியவர்கள் யார்? 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. பெயரிலேயே தமிழர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். காடு அழித்தார்கள். மலேரியாவில் மாண்டார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், ஆகவே இருட்டோடு இருட்டாகச் சீவ வேண்டும். பட்டைக்குள் எத்தனை நூல் ஆழம் போகலாம் என்பது கைக்குத் தெரிய வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு. ஆழம் போதாவிட்டால் மங்கில் பால் இல்லை.

1920களின் இறுதியில் சட்டப்படி வகுக்கப்பட்ட நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே பால், பெண்ணென்றால் பத்துக் காசு குறைவு. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் திரும்பக் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டார்கள்.

கந்தகம் சேர்ந்த இடம்

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் பாலை என்ன செய்தார்கள்? வடிகட்டினார்கள், ஃபார்மிக் ஆசிட் ஊற்றி உறைய வைத்தார்கள், உருளையில் கொடுத்துத் தகடாக்கினார்கள், புகை போட்டுக் காயவைத்தார்கள். மூட்டை கட்டி, போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பினார்கள். இதில் எந்த இடத்திலாவது ரப்பருக்குள் கந்தகம் கலந்தார்களா? இல்லை. இலைநோய்க்கு மருந்தாகக் கந்தகத் தூளை மரத்தின்மேல் தூவியதுண்டு. அவ்வளவுதான். ரப்பருக்குள் கந்தகம் கலந்தது லண்டனில், அமெரிக்காவின் அக்ரன் நகரில். அங்கே 1906இல் ஜார்ஜ் ஓயன்ஸ்லேகர் என்ற வேதியியலாளர், கந்தகத்தோடு அனிலின் சேர்த்தால் வேலை பல மடங்கு விரைவாக முடிகிறது என்று கண்டுபிடித்தார். டயர் விலை இறங்கியது, விற்பனை ஏறியது.

கந்தகம் சேராத ரப்பர் வெறும் சரக்கு. அதன் விலையை வாங்குபவன் சொல்வான். கந்தகம் சேர்ந்த ரப்பர் டயர், அதன் விலையை விற்பவன் சொல்வான். ஆக, கந்தகம் எங்கே சேர்ந்ததோ அங்கேதான் இலாபமும் சேர்ந்தது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக நின்றது அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்!

மூலப்பொருளோடு நின்றால் மிஞ்சாது என்று புரிந்துகொண்டவர் ஒருவர் இங்கே இருந்தார். சிங்கப்பூரின் டான் கா கீ. 1920களிலேயே சும்பாவா சாலையில் ஆலை வைத்து ரப்பர் காலணி, டயர், விளையாட்டுப் பொருள் எல்லாம் செய்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அவருடைய நிறுவனம் 1934இல் மூடப்பட்டது என்றாலும், அந்த ஆலையில் வேலை கற்றவர்கள் பலர் பிற்காலத்தில் தொழிலதிபர்கள் ஆனார்கள்.

1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. நம் தோட்டத்து மக்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்றுபோனது. பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் எழுப்பினார்கள். ஆனால் அந்தச் செயற்கை ரப்பருக்கும் முடிச்சுப் போட்டது அதே கந்தகம்தான். இயற்கைப் பாலும் ஒழிந்துவிடவில்லை. இன்றைக்கும் ஆகாய விமானத்தின் டயருக்கு இயற்கை ரப்பர்தான் முதன்மை. தரையிறங்கும் அந்த ஒரு நொடியின் சூட்டையும் சுமையையும் அது தாங்குவது போல வேறொன்று தாங்குவதில்லை.

சுதந்திரத்திற்குப் பிறகு காற்று கொஞ்சம் திசை மாறியது. 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நல்ல ரகக் கன்றுகளைப் பெருக்கியது. 1965இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்தது. 1960களில் பெட்டாலிங் ஜெயாவில் டயர் ஆலை வந்தது. பிறகு கையுறைத் தொழில். ரப்பர் கையுறையின் கதையே சுவையானது. 1890 வாக்கில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மருந்துத் திரவம் பட்டுக் கை புண்ணாகிய தாதி ஒருவருக்காக ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். பின்னர் அவரையே மணந்தார்! இன்று உலகக் கையுறைச் சந்தையில் மலேசியாவுக்கு முன்னணி இடம். அந்த ஆலைகளில் கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் இங்கேயே கலக்கப்படுகின்றன. கோட்டின் அந்தப் பக்கத்துக்கு நாடு போய்விட்டது.

நாமும் போனோமா? வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, துண்டாடல் என்ற இடி நம் தலையில் விழுந்தது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். வெட்டிய மரத்துக்கே சொந்தக்காரர்கள் ஆன அந்த நாள் நம் வரலாற்றின் பொன்னான நாள். ஆனால் பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது பலருக்கு இழப்பீடு என்று கையில் கிடைத்தது சொற்பம். மரம் சீவத் தெரிந்த கை நகரத்தில் எதற்கு?

கந்தகத்தின் புதிய அவதாரங்கள்

"சரி, பழைய கதை போதும், இன்றைக்கு இதனால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

சாதாரண பிளாஸ்டிக்கை எடுத்து, அதோடு கந்தகத்தைச் சேர்த்து, புதிய வேலை செய்ய வைக்கும் வித்தை ரப்பரோடு நிற்கவில்லை. ஒட்டுக்கடையில் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் வெள்ளைப் பெட்டி பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக். அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்கைச் சிறு மணிகளாகச் செய்து, அடர்ந்த கந்தக அமிலத்தில் போட்டு எடுத்தால், அந்த மணிகள் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் உலோகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். 1940களில் அமெரிக்காவில் தெலேலியோ என்பவர் காப்புரிமை பெற்ற முறை இது. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரைச் சுத்தமாக்குவது இதுதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால், கரைத்துக் குடிக்க ஒரு தூள் கொடுப்பார்கள். அந்தத் தூளும் கந்தகம் ஏற்றிய இதே பிளாஸ்டிக்தான். நம் சமூகத்தில் நீரிழிவும் சிறுநீரக நோயும் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த மருந்து நம் வீடுகளுக்கு அந்நியம் அல்ல.

2013இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பியூன் என்ற பேராசிரியரின் குழு கணக்கையே தலைகீழாக்கியது. ரப்பரில் சிட்டிகைக் கந்தகம் போடுவது பழைய முறை. இவர்கள் உருகிய கந்தகத்தில் சிறிதளவு வேறு பொருளைப் போட்டார்கள். பாதிக்கு மேல், சிலவற்றில் 90 விழுக்காடு வரை கந்தகமே உள்ள பிளாஸ்டிக் கிடைத்தது. புதிய வகை பேட்டரிக்கும், இருட்டில் வெப்பத்தைப் பார்க்கும் கருவியின் கண்ணாடிக்கும் அதைச் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஃபிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் சாக்கரின் குழு, ஆரஞ்சுத் தோலில் கிடைக்கும் எண்ணெயோடும், பிறகு சமையல் எண்ணெயோடும் கந்தகத்தைச் சேர்த்து, தண்ணீரிலுள்ள பாதரச விஷத்தை உறிஞ்சும் பொருள் செய்தது. பெட்ரோலைச் சுத்திகரிக்கும்போது கழிவாக ஒதுக்கும் கந்தகம் உலகில் மலை மலையாகக் குவிகிறது. அதற்கு ஒரு வழி பிறக்கிறது.

இன்னொரு கடனும் பாக்கி இருக்கிறது. கந்தகம் போட்ட முடிச்சு லேசில் அவிழாது. அதனால்தான் பழைய டயரைப் பிளாஸ்டிக் போல உருக்கி மறுபடி வார்க்க முடிவதில்லை. உலகில் ஆண்டுக்கு நூறு கோடி அளவில் டயர்கள் தேய்ந்து ஒதுக்கப்படுகின்றன. மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளர்கிறது, தீப்பிடித்தால் நாள்கணக்கில் எரிகிறது. குட்இயர் போட்ட முடிச்சை அவிழ்ப்பது எப்படி என்று ஆராய்ச்சிக் கூடங்கள் இன்று மண்டையை உடைத்துக்கொள்கின்றன. முடிச்சுப் போட்டவருக்குக் கிடைத்தது கடன். அவிழ்ப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

நாம் செய்ய வேண்டியது

நேயர்களே, நிறைவாக இரண்டு விஷயங்களைச் சொல்லி விடைபெறுகிறேன்.

முதலாவது, பெரியவர்களுக்கு. நீங்கள் செய்த வேலை வெறும் கூலி வேலை அல்ல. உயிருள்ள மரத்திலிருந்து, அதைச் சாகவிடாமல், முப்பது ஆண்டுகள் பால் எடுப்பது நுட்பமான தொழில். ரிட்லியின் பெயரைப் புத்தகம் வைத்திருக்கிறது. அவர் வகுத்த முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்து காட்டிய கைகளின் பெயரை எந்தப் புத்தகமும் வைத்திருக்கவில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எந்த நிரை, எத்தனை மரம், பால் எடுத்தது எத்தனை மணிக்கு, மழை பெய்தால் சம்பளம் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும். இப்போது எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பேரன் பதிவு செய்யட்டும்.

இரண்டாவது, இளையோருக்கு. வேதியியல் நமக்கு எட்டாத பாடம் என்று ஒதுங்காதீர்கள். உங்கள் குடும்பம் நூறாண்டுக்கு மேல் உலகின் மிகப் பெரிய வேதியியல் தொழில் ஒன்றின் முதல் படியில் நின்றிருக்கிறது. இரண்டாவது படிக்குப் போக விடவில்லை, அவ்வளவுதான். இன்று ஆய்வுக்கூடக் கதவு திறந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அனைத்துலக அறிவியல் போட்டிகளில் பதக்கம் வாங்குவதைப் பத்திரிகையில் பார்க்கிறோம். அவர்களில் ஒருவர் இந்தக் கந்தக முடிச்சை அவிழ்க்கும் வித்தையைக் கண்டுபிடிக்கக் கூடாதா?

அப்படி ஒரு நாள் வந்தால், அந்தக் காப்புரிமைப் பத்திரத்தில் இருக்கப்போவது பால் வெட்டியவரின் பேத்தியின் பெயராக இருக்கட்டும். மங்கில் பால் நிரப்பியவர்களுக்கு வரலாறு வைத்திருக்கும் பாக்கி கொஞ்சமாவது அப்போது தீரும்.